ஆண்டறிக்கை 2024–25: முன்னாள் படைவீரர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கொடியேற்றம், டிசம்பர் 7 கொடிநாள் வசூல், எதிலும் குறையில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து பிறகு வக்கீலான நம் உறுப்பினரின் வேலையைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனவர். புனே செயற்கைக் கால் மையத்தில் கால் பொருத்திக்கொண்டு வேலூருக்குத் திரும்பினார். அவருடைய ஊனப் பென்ஷன் தகராறில்லாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கோ வலிப்பு நோய். மெடிக்கல் போர்டு தாளில் ‘நானா’ என்று எழுதி, ஊனப் பென்ஷன் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தமிழில் படித்தால், “இதுக்குக் காரணம் நானா?” என்று ராணுவமே கேட்பது போல இருக்கும்.

“எனக்குக் கால் இல்லன்னு பேண்ட்டைத் தூக்கிக் காட்டிடலாம். அவன் எதைக் காட்டுவான்?” என்பார். அந்த ஆத்திரத்தில்தான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, நாற்பதைத் தாண்டி சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிக்னல்ஸ் பிரிவில் இருந்து வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றது நீதிமன்றம். நம் வக்கீலின் கோப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தீர்ப்பை நம்பித்தான் நிற்கின்றன. மாதம் இரண்டு மூன்று முறை காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையிலுள்ள படையினர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். நம் உறுப்பினர்களிடம் கட்டணம் கிடையாது. ரயில் செலவைச் சங்கம் கொடுக்கிறது, அதையும் கட்டாயப்படுத்தித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு வந்த ஒரு உத்தரவைச் சொல்கிறேன். 1998-ல் பணிக்காலம் முடித்து வந்த ஹவில்தார். இரத்த அழுத்தம், ஊனம் 30 சதவீதம், தாளில் அதே ‘நானா’. மஞ்சப்பையில் காகிதங்களை மடித்து வைத்துக்கொண்டு 2023-ல்தான் நம்மிடம் வந்தார். தீர்ப்பாயம் அவர் பக்கம் சொன்னது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் முழுமையாக்கல், அதாவது ஊனச் சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடுவது, உண்டு என்ற 2014 ராம் அவதார் தீர்ப்பின்படி 30 என்பது 50 ஆனது. ஆனால் நிலுவை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும். இருபது வருஷத்துக்கு மேலான பணம் போனது போனதுதான். இனிப்புப் பெட்டியோடு வந்தவரிடம் நம் வக்கீல், “ஏண்ணா, இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த மைசூர்பாகு இறங்கவில்லை.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணியிலிருந்து வந்தவர்களுக்கு விதிகள் வேறு. அந்தப் பிள்ளைகள் பழைய தீர்ப்புகளைக் கேள்விப்பட்டுத் தாங்களாக முடிவுக்கு வராமல், முதலில் அவரைப் பார்க்கட்டும்.

சங்கத்தின் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் அலுவலகம் மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. செயற்கைக் காலோடு கைப்பிடியைப் பிடித்து அவர் ஏறுவதை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தரைத்தளத்தில் இடம் பார்க்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. வாடகை கொஞ்சம் கூடும், சந்தாவும் கூடும். கை தூக்கும்போது அந்தப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறும்வரை, இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில்தான் இருப்பார். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, மெடிக்கல் போர்டு தாள் மூன்றையும் அசலாகக் கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது போர்டு தாளின் கடைசிப் பக்கத்தை விட்டுவிடுகிறீர்கள். ‘நானா’ என்று எழுதியிருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

இப்படிக்கு,
செயலாளர்