பெங்களூருக்கு காரா, விமானமா?

ஐயா,

கோடை விடுமுறைக்குப் பெங்களூரு கிளம்பும் டெல்டா குடும்பங்கள் பல, விமான டிக்கெட்டையும் பெட்ரோலையும் மட்டுமே ஒப்பிடுகின்றன. அந்தக் கணக்கு உதைக்கும். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 90 கி.மீ.; வாடகைக் கார் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே பணம் கேட்கும். 2 வயது நிறைந்த குழந்தைக்கும் தனி டிக்கெட். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கினால் ஊருக்குள் போக மறுபடி டாக்ஸி.

காரில் போய்வர ஏறத்தாழ 860 கி.மீ. ஏசி போட்டு, சாமான் ஏற்றி, லிட்டருக்கு 14 கி.மீ. கிடைத்தால் 61 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என வைத்தாலும் 6,100 ரூபாய். சுங்கச்சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால்தான் சலுகை. விடுமுறைக்குப் போகிறவர்கள் இரு வழிக்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஃபாஸ்டாக் இல்லாவிட்டால் கட்டணம் இன்னும் கூடும்.

நான்கு பேர் என்றால் கார்தான் கட்டுப்படியாகும். ஒருவர், இருவர் என்றால் இரண்டுமே வேண்டாம். கும்பகோணம் வழியாகவே, பெங்களூரைத் தொட்டு மைசூரு எக்ஸ்பிரஸ் ரயில் போகிறது, முன்பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

– ஒரு வாசகர், கும்பகோணம்