பழைய விண்டோஸும் அழிஞ்ச ஸ்டிக்கரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மகனோட பழைய லேப்டாப்புல விண்டோஸ் 7 திரும்பப் போட்டேன், அடிப்பக்க ஸ்டிக்கர்ல இருக்குற 25 எழுத்து கீயை (விண்டோஸ் அசல்னு காட்டுற உரிமக் குறியீடு) மூணு தடவை அடிச்சும் செல்லாதுன்னே வருது, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில காட்டினா ஸ்டிக்கரைக்கூட திரும்பிப் பார்க்காம புது கீ 80 ரிங்கிட்னுட்டாங்க. நல்லவேளை வாங்கல லா.

ராத்திரி லைட் அடிச்சுப் பார்த்தா ஸ்டிக்கர்ல ஹோம் பிரீமியம், நான் போட்டது புரொஃபஷனல் டிஸ்க்! எடிஷன், அதாவது விண்டோஸ் வகை, மாறினா கீ ஏறாதுங்க. அதோட நான் 8னு அடிச்சது இங்கிலீஷ் B எழுத்து, அரைவாசி அழிஞ்சு கிடந்துச்சு. அந்த கீயில சைபரும் 1-ம் வரவே வராது, அப்படித் தெரிஞ்சா கண்ணாடியைத் துடைங்க.

ரெண்டையும் சரி பண்ணினதும் இப்ப ஓடுது. ஆனா 2020 ஜனவரி 14-ஓட விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் (பாதுகாப்பு அப்டேட்) முடிஞ்சதால பேங்க் வேலை மட்டும் அதுல பண்றதில்ல.

– வாசகர், செந்தூல்