சுங்கை சிப்புட் ரப்பர் சிறுதோட்டக்காரர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயலவைக் கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. எனவே இவ்வறிக்கை பெரும்பாலும் மரங்களைப் பற்றியதே.

உறுப்பினர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்ததில், ரப்பர் பால் குறைந்ததற்கு மரத்தின் வயதைவிடப் பட்டையை வெட்டும் உளியே பெரிய காரணம் என்று செயலவை கருதுகிறது. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், புதுப்பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படலத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழம் மீறினால் படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது. படலத்துக்கு வெளியே ஏறக்குறைய 1 மி.மீ. பட்டை மிஞ்ச வேண்டும். சீவல் 1.5 மி.மீ.க்கு மேல் தடித்தால் பட்டைதான் வீண், பால் அதிகமாகாது. குழாய்கள் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தில் சரிவு சுமார் 30 பாகை. விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுதி, பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அது தளரும். பசியாறிவிட்டுப் பால்வெட்ட நிரைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

விலை ஏறியதும் சிலர் தினமும் வெட்டினார்கள். மரத்துக்குப் பாலை மறுபடி ஊறவைக்க நேரம் கிடைக்காததால் வெட்டுக்கோடு வறண்டது. வறண்ட மரத்துக்கு எதிபோன் என்ற ஊக்கி மருந்தைத் தடவுவது நிலைமையை மோசமாக்கும். அந்த மருந்து பால் ஓடும் நேரத்தை நீட்டுமே தவிர, பாலை உண்டாக்காது. அரைச்சுற்று வெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள். ஊக்கி தடவினால் இரண்டு நாள் விட்டு. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர் முற்றும்வரை ஓய்வு. ஈரப்பட்டையில் உளி வைக்கவே கூடாது: பால் வெட்டுக்கோட்டிலிருந்து விலகி வழியும், பூசணம் வெட்டில் ஏறும்.

மறுநடவு நிலங்களில் வெள்ளை வேர்நோய் கண்டது. இலை மங்கி மஞ்சளித்த பிறகு அந்த மரத்தைக் காப்பது அரிது. ஆகவே பக்கத்து மரங்களின் அடிவேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேரோடு ஒட்டிய வெண்ணிழைகள்தான் அடையாளம். நோய் வேருக்கு வேர் தொட்டுப் பரவுவதால், பழைய அடிக்கட்டையை வேரோடு பெயர்க்காமல் கன்று நட்டவர்களுக்கே அதிக இழப்பு. சிறுதோட்டக்காரர்களுக்கான மலேசிய அரசு அமைப்பான ரிஸ்டாவின் மறுநடவு உதவி பெறுவோரும் இதில் அவசரப்பட வேண்டாம்.

நாற்றுக்கு வைத்த விதைகள் பல முளைக்கவில்லை. மூட்டையில் வாரக்கணக்கில் கிடந்தால் ரப்பர் விதை செத்துவிடும். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 விதைகளிலேயே முளைத்தவை 3,000க்கும் குறைவு. பொறுக்கிய வாரத்திலேயே மணலில் பாவவும். பச்சை விதையில் சயனைடு நஞ்சு உண்டு. பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

பால் சேரும் கிண்ணமான மங்கில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் மட்டுமே. பேட்டரி அமிலம் மலிவுதான், ஆனால் ரப்பர் கெட்டு விலை வெட்டுப்படும்.

மரத்தை விற்கிறவர்களுக்கு: வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூசணமும் துளைப்பூச்சியும் பிடிக்கும். தளபாடத் தொழிற்சாலைக்குப் போகும் பலகை உடனே அறுக்கப்பட்டு போரான் மருந்தேற்றி உலர்த்தப்படுகிறது. ஆகவே லாரி வரும் நாள் உறுதியான பின்பே மரமறுக்கும் வாளைத் தொடவும்.

செயலாளர்