பகவதிபுரம் நிலைய மாதிரிக்கு இன்னும் ₹2,16,500 வேண்டும்

உ
ஆரியங்காவு ஐயன் துணை

பேரன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் பணத்தை முதலில் பேசிவிடுகிறோம். பகவதிபுரம் ரயில் நிலையத்தின் சிறு மாதிரியை அமைக்க நாங்கள் போட்ட கணக்கு ₹4,35,000. இதுவரை வந்தது ₹2,18,500. செலவானது ₹2,03,000. கையில் நிற்பது ₹15,500. தண்டவாளம் தர ஒப்புக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக் கடைக்காரர் ஜூலை 31 வரைதான் சரக்கை நமக்காக எடுத்துவைப்பார். அதற்கு ₹92,000 கட்ட வேண்டும். ஆக, இந்த மாதம் முடிவதற்குள் ₹76,500 சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் பலகை இருக்கும், கட்டடம் இருக்கும், எஞ்சின் இருக்கும். அது ஓடப் பாதை இருக்காது.

செங்கோட்டையில் பெரியவர்கள் யாரிடம் ரயிலைப் பற்றிக் கேட்டாலும் கதை 1904-இல்தான் தொடங்கும். அந்த ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே பாதை திறந்தது. அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சி. சென்னை மாநிலத்தோடு நாம் சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னை அரசு, திருவிதாங்கூர் ஆகிய மூன்றும் கைகோத்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போட்ட பாதை இது. செங்கோட்டையை விட்டு மேற்கே போனால் மலைக்கு முன்னால் வரும் நிலையம் பகவதிபுரம். அதைத் தாண்டியதும் ரயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் குகைக்குள் புகுந்து ஆரியங்காவுப் பக்கம் வெளியே வரும். சென்னையிலிருந்து கிளம்பிய கொல்லம் மெயில் இந்த வழியாகத்தான் மலை தாண்டியது. ஏற்றத்துக்கு ஓர் எஞ்சின் போதாமல் பின்னாலிருந்து இன்னொன்று முட்டித் தள்ளிய சத்தத்தை எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டந்தோறும் வாயாலேயே செய்து காட்டுகிறார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

வாஞ்சிநாதனை மறந்துவிட முடியுமா? செங்கோட்டையில் பிறந்து புனலூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டதும் ரயில் பெட்டியில்தான். வேலைக்கும் வீட்டுக்குமாக அவர் இந்தப் பாதையில் எத்தனை முறை போய்வந்திருப்பார் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினால் அன்றைய கூட்டத்தில் வேறு எதுவும் நடக்காது. மாதிரியின் பிளாட்பாரத்தில் வாஞ்சியை நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானமே வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட அளவில் ஆள் உயரம் 2 சென்டிமீட்டர். குடுமி வைத்தாலும் தெரியாது என்று சொல்லித்தான் அதைத் தள்ளிவைத்தோம்.

2010 செப்டம்பர் 20-ஆம் தேதியோடு, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட புனலூர்–செங்கோட்டை மீட்டர் பாதை நின்றது. 2018-இல் அகலப் பாதையில் ரயில் மறுபடி வந்தது. வந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மீட்டர் பாதையோடு சிக்னல் காட்டும் கைகாட்டி மரமும், அதை இழுக்கும் கம்பியும், வண்டியை எடுக்க டிரைவருக்கு அனுமதியாகத் தரும் டோக்கன் பந்தும் போய்விட்டன. இன்றைய பிள்ளைகளிடம் டோக்கன் என்றால் வங்கியில் தரும் சீட்டு என்கிறார்கள்.

அதனால்தான் இந்த மாதிரி. வாசகசாலையில் நமக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 12 அடிக்கு 10 அடி அறை. அதில் 8 அடி நீளம், 2 அடி அகலப் பலகையில் நிலையம்; இரண்டு முனைகளிலும் பாதை சற்று நீள ஒன்றரை அடித் துண்டு ஒவ்வொன்று. அசலில் 87 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர். மீட்டர் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர் அல்லவா, அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். அதற்குப் பொருந்துவது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அது உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் மீட்டர் பாதை ரயில்கள் இன்றும் மலையேறுகின்றன. அவற்றை வீட்டில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்காக ஐரோப்பாவில் இந்த அளவில் செய்கிறார்கள். அகலம் கூடிய மலிவுத் தண்டவாளத்தைப் போட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. மீட்டர் பாதையை நினைவில் வைக்கக் கட்டும் மாதிரியில் மீட்டர் பாதையே இல்லாவிட்டால் அதை எதற்குக் கட்டுவது?

எட்டடி என்பது அசலில் 212 மீட்டர். ஒரு கைகாட்டியிலிருந்து மறு கைகாட்டி வரை உள்ளபடியே வைக்க அந்த நீளம் போதாது. ஒரு மீட்டர் பாதைப் பெட்டி மாதிரியில் சுமார் 22 சென்டிமீட்டர் வரும். எஞ்சினோடு மூன்று பெட்டி கோத்தால் 85 சென்டிமீட்டர். அதற்கு மேல் நீண்ட ரயிலுக்கு இங்கே இடமில்லை. பிரதானப் பாதை ஒன்று, எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்க லூப் ஒன்று, வேகன்களை ஒதுக்கி நிறுத்தக் குட்டி சைடிங் ஒன்று, வண்டியைத் தடம் மாற்ற மூன்று பாயிண்ட். மேற்கு முனையில் குகை வாய். குகைக்குள் போன வண்டி அங்கே மறைந்திருந்து சற்று நேரம் கழித்துத் திரும்பி வரும். இந்தச் சின்ன இடத்துக்குப் பகவதிபுரத்தைவிடப் பொருத்தமான நிலையம் கிடையாது. வண்டியை ஒளித்துவைக்க மலையே இடம் கொடுக்கிறது. பதிமூன்று கண் பாலத்தையும் சேர்க்கச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அது மலைக்கு அந்தப்புறம் கழுதுருட்டியில் இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. அதற்கென்று யாராவது தனியாக ஓர் அறை கட்டிக் கொடுத்தால் பார்க்கலாம்.

போன மாதம் அட்டையில் வெட்டி வைத்த முன்மாதிரியைப் பார்க்க ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவரை அழைத்து வந்தோம். வயது 81. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையோரம் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வேப்பமரத்தை இரண்டு விரலால் எடுத்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தார். “இங்க இருந்தாத்தான் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்கு நிழல் வரும்” என்றார். பையிலிருந்து ஒரு பிரம்பு வளையத்தை எடுத்தார். அதில் தொங்கிய தோல் பையின் வாய் தேய்ந்து கறுத்திருந்தது. இந்தப் பைக்குள் டோக்கன் பந்து இருக்கும். அது கைக்கு வராமல் டிரைவர் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது. நிற்காமல் போகிற வண்டிக்கு ஒற்றைக் கையால் எப்படி நீட்ட வேண்டும் என்று, அறைக்குள் ஓடும் எஞ்சின் எதுவும் இல்லாமலேயே, கையை மடக்கி ஒதுங்கி நின்று காட்டினார். வளையத்தை மாதிரியோடு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். “சீக்கிரம் முடிங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். இதற்குமேல் அவசரத்தை எங்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: பலகையும் சட்டமும் ₹38,000. நிலையக் கட்டடம், பிளாட்பாரம், குகை வாய் ₹41,000. இரண்டு ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின், மூன்று பெட்டி, நான்கு சரக்கு வேகன் ₹1,24,000. கூடு முப்பரிமாண அச்சில் எடுத்தது, உள்ளே ஓடும் சக்கரப் பகுதி மட்டும் வரவழைத்தது. இந்த மூன்றும் தீர்ந்த கணக்கு. இனி வேண்டியவை: தண்டவாளமும் பாயிண்ட்டும், சுங்கத் தீர்வை சேர்த்து ₹92,000; ஏறி இறங்கும் கைகாட்டிகள் ₹26,000; மின்சார வேலையும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ₹48,000; கண்ணாடிக் கூண்டு ₹66,000. கூண்டு எதற்கு என்று கேட்காதீர்கள். சாரல் காலத்தில் இந்த ஊர்க் காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைகளின் கையைப் பற்றியும் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தன் ஒரு மாத ஓய்வூதியத்தில் ₹5,000 எடுத்துக் கொடுத்த, தண்டவாளத்தைப் பராமரித்த முன்னாள் கேங்மேன், “நான் போட்ட கல்லு அது” என்று சொல்லி ரசீதைக்கூட வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். தச்சு வேலை முழுவதற்கும் கூலி வேண்டாம் என்று சொல்லி மரத்துக்கு மட்டும் பணம் வாங்கிய ஆசாரி, பலகை ஒட்டுத் தெரியாமல் இழைத்துக் கொடுத்திருக்கிறார், தடவிப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து ₹3,140 கொண்டுவந்தார்கள். எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருவர், தாத்தா கைப்பட எழுதிய டிக்கெட் கணக்கு நோட்டையும் ₹25,000-ஐயும் அனுப்பியிருக்கிறார். பேருந்து நிலையத்தருகே டீக்கடை வைத்திருப்பவர் கூட்டம் நடக்கும் நாளெல்லாம் டீ அனுப்பி, ஒருநாளும் காசு கேட்டதில்லை. மார்கழியில் ஐயன் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வரும் சௌராஷ்டிர அன்பர்கள் சிலர், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த ரயிலில் வந்த கதையைச் சொல்லி ₹11,001 கொடுத்தார்கள். இவர்கள் அனைவரின் பெயரும் கண்ணாடிக் கூண்டின் அடியில் பித்தளைத் தகட்டில் வரும். தொகை வராது, பெயர் மட்டும். ஐந்து ரூபாய் போட்ட பிள்ளைக்கும் அதே எழுத்தளவு.

ஒரு விஷயத்தை வருத்தத்தோடுதான் எழுதுகிறோம். தொடக்க விழா மேடையில் ஒன்பது பேர் பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஒலிபெருக்கியில் தொகை சொல்லி, கைதட்டலும் வாங்கினார்கள். அவர்கள் சொன்னது மொத்தம் ₹81,000. வந்தது பூஜ்யம். அவர்கள் சொல்லைக் காப்பாற்றினாலே ஜூலை 31-க்குத் தண்டவாளப் பணம் கட்டிவிட்டு ₹4,500 மிச்சமும் இருக்கும். யார் பெயரையும் நாங்கள் எழுதவில்லை. விழாப் படங்கள் வாசகசாலைச் சுவரில்தான் மாட்டியிருக்கின்றன. ஐயன் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் பார்க்காவிட்டாலும் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் வந்து அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 20 அன்று, மீட்டர் பாதை நின்ற அதே நாளில், பகவதிபுரத்தில் மறுபடி ஒரு மீட்டர் பாதை வண்டி நின்று புறப்பட வேண்டும் என்பது எங்கள் திட்டம். முதல் கைகாட்டியை இறக்கப் போகிறவர் அந்த 81 வயதுப் பெரியவர். அவரிடம் நாங்கள் தேதி சொல்லிவிட்டோம். ஜூலை 31-க்குள் ₹76,500, மீதி ₹1,40,000 செப்டம்பர் 10-க்குள். இதில் எது தவறினாலும் அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை ஏற்க எங்களில் ஒருவரும் தயாராக இல்லை.

நன்கொடையை வாசகசாலையில் மாலை 5 முதல் 7 மணி வரை நேரில் தரலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வருமான வரி விலக்கு கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணமாகத் தர இயலாதவர்கள் பழைய அட்டை டிக்கெட், நிலையத்தில் எடுத்த புகைப்படம், கை விளக்கு எதுவானாலும் கொண்டுவாருங்கள். படத்தை நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
நிலைய மாதிரிக் குழுவினர்,
செங்கோட்டை

பி.கு.: கடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு நான்கு சரக்கு வேகன்களில் ஒன்றைக் காணவில்லை. எடுத்துப் போனவர் வாசகசாலை ஜன்னலில் வைத்துவிட்டால் போதும், நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். அதன் விலை ₹6,500.