ஆறு மாதம் பொறுக்கத்தான் வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை,
10 ஜூலை 2024

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பாலக்காட்டில் கொட்டுகிற மழை கிழக்கே எங்கள் பக்கம் வருவதற்குள் தூறலாக இளைத்துவிடுகிறது. சித்தூர்க் கல்லூரியில் நாம் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து அதில் மாற்றமில்லை.

புதிய அரசு ஜூன் 9 அன்றுதான் பதவியேற்றது, அதற்குள் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைப் பிடித்து உலுக்குவது நாகரிகமல்ல, ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வழக்குதான் ஒரு மாதமாக எங்கள் சாயாக்கடையிலும் (உங்கள் ஊர் டீக்கடை) நடக்கிறது. நீங்கள் மத்திய அரசு என்கிறீர்கள், உங்கள் ஊர் இளைஞர்கள் ஒன்றிய அரசு என்கிறார்கள், இங்கே கேந்திர சர்க்கார் என்கிறார்கள். பெயரிலேயே உடன்பாடு இல்லாதபோது மற்றதில் எப்படி வரும்?

முதலில் ஒன்று கேட்கிறேன். இதை எந்தக் கணக்கில் புதிய அரசு என்கிறீர்கள்? பிரதமர் அவரே. உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு ஆகிய நான்கிலும் அதே அமைச்சர்கள். கல்வி அமைச்சரும் மாறவில்லை. புதியது எதுவென்றால் பா.ஜ.க. 240 இடங்களோடு நின்று, கூட்டணியின் 293ஐ நம்பி ஆள வேண்டியிருப்பதுதான். பழக்கமில்லாதவர்களுக்குத் தரும் கால அவகாசத்தைப் பத்தாண்டு ஆண்டவர்களுக்கும் தரச் சொல்வது, மூன்றாவது பிள்ளைக்கும் வளைகாப்பு கேட்பதைப் போல இருக்கிறது. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

இனி என் வீட்டுக் கதை. என் பேத்தி மே 5 அன்று நீட் தேர்வு எழுதினாள். ஜூன் 14 அன்று வர வேண்டிய முடிவு ஜூன் 4 அன்றே, நாடே வாக்கு எண்ணிக்கையில் கண்ணை வைத்திருந்த நாளில், வெளியாயிற்று. 720க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். சில மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அழவில்லை, தன் மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இதற்கு இப்போது என்ன மதிப்பு என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜூன் 13 அன்று கருணை மதிப்பெண் ரத்தாகிறது என்று உச்ச நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. வினாத்தாள் கசிந்ததற்கு ஆதாரமில்லை என்றே கல்வி அமைச்சர் அன்றும் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, ஜூன் 22 அன்று, நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தலைமை இயக்குநர் மாற்றப்பட்டார், விசாரணை சி.பி.ஐ.யிடம் போயிற்று. இதற்குப் பத்திரிகைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வழக்குத் தொடுத்த மாணவர்கள் உண்டு, முதலில் சிலரைக் கைது செய்த பிகார் காவல்துறை உண்டு. ஆயினும் அந்த ஒன்பது நாளும் ஏடுகள் நாகரிகம் கருதி வாய் மூடியிருந்தால், சுமார் 23 லட்சம் பிள்ளைகள் எழுதிய தேர்வு ஒரு துறையின் கோப்புக்குள் அடங்கிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆறு மாதம் என்பது அவளுக்கு ஒரு கல்வியாண்டில் பாதி.

உங்கள் ஆதங்கத்தில் நியாயமில்லை என்று சொல்ல வரவில்லை. ஜூன் 1 மாலையில் வாக்குக் கணிப்பு என்ற பெயரில் ஆளுங்கூட்டணிக்கு முந்நூற்றைம்பது, நானூறு என்று ஏலம் விட்டவர்களில் சிலர், எண்ணிக்கை வேறாக முடிந்ததும் நாணமே இல்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இந்த அரசு தீபாவளியைத் தாண்டுமா என்று விவாதிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அது ஜோசியமே தவிர விமர்சனம் அன்று, அதுவும் பலிக்காத ஜோசியம். ஒரு ரயில் விபத்தில் சிக்னல் எப்படித் தவறியது என்று கேட்கும் செய்தியாளரும், அதே விபத்தை வைத்து அரசின் ஆயுளைக் கணிக்கும் தொகுப்பாளரும் உங்கள் கடிதத்தில் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

கேரள-தமிழக எல்லையில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் மலையாளப் பத்திரம் ஒன்று, கோவைப் பதிப்புத் தமிழ் நாளிதழ் ஒன்று, இரண்டையும் பார்த்துவிடுகிறேன். (இங்கே செய்தித்தாளுக்குப் பத்திரம் என்று பெயர். உங்கள் ஊரில் அது பீரோவுக்குள் போகிற சொத்துக் காகிதம். எங்கள் ஊரில் மறுநாளே கடலை மடிக்கப் போய்விடும்.) மக்களவையில் செங்கோல் இருக்கலாமா என்ற சண்டை தமிழ் ஏட்டில் நான்கு பத்தி ஓடியது, மலையாளத்தில் உள்பக்கத்தில் ஒரு மூலை. திருச்சூரில் பா.ஜ.க. கேரளத்தின் முதல் மக்களவை இடத்தை வென்றதும், பக்கத்திலேயே எங்கள் ஆலத்தூர் மட்டும் இடது முன்னணியோடு நின்றதும் இங்கே வாரக்கணக்கில் அலசப்பட்டன. கோவை ஏட்டுக்கு அது ஒரு நாள் செய்தி. இரண்டையும் படிப்பவனுக்கு எந்த ஏடும் முழு உண்மையாகத் தெரிவதில்லை, எந்த ஏடும் முழுப் பொய்யாகவும் தெரிவதில்லை.

கட்சி ஏடுகளைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தீர்கள். அவை எனக்குத் தொல்லையாகத் தோன்றியதில்லை. தேசாபிமானி மார்க்சிஸ்டுகளுடையது, சந்திரிகா முஸ்லிம் லீகுடையது, ஜன்மபூமி பா.ஜ.க. பக்கம் என்று இங்கே சாயா ஆற்றுபவருக்கும் தெரியும். முரசொலி யாருடையது என்று உங்களுக்குத் தெரியாதா? எத்தனை கிராம் குறையும் என்று தெரிந்த தராசில் நிறுத்து வாங்குவதில் நட்டமில்லை. நடுநிலை என்று பலகை மாட்டிவிட்டு, அரசு விளம்பரம் வரும் வாரத்தில் ஒரு குரலும் வராத வாரத்தில் வேறு குரலும் காட்டும் நிறுவனத்தைத்தான் என்னால் எடை போட முடிவதில்லை.

நேருவைச் சான்றுக்கு அழைத்திருந்தீர்கள். அவர் என் பக்கமும் கொஞ்சம் சாட்சி சொல்வார். 1948இல், விடுதலை கிடைத்து ஓராண்டுகூட நிறையாத நேரத்தில், காயங்குளத்துக்காரரான கேலிச்சித்திரக்காரர் சங்கர் தம் வார இதழைத் தொடங்கியபோது, அதை வெளியிட்டு வைத்தவரும் நேருதான், தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரும் நேருதான். அதைவிடப் புதிய அரசு இந்த நாட்டில் இருந்ததில்லை. ஆனால் 1951 ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்து பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளைப் போட்டதும் அவர் அரசே. அதற்கு ஒரு காரணம் பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ். அது தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச்சில் மதராஸ் அரசு தடை போட்டது. குடியரசுக்கு நான்கு மாத வயதில், மே 26 அன்று, தடை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அப்போது பாலக்காடு மதராஸ் மாநிலம், சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி. சட்டப்படி பார்த்தால் பாலக்காட்டில் தடைப்பட்ட இதழைச் சித்தூரில் தாராளமாகப் படித்திருக்கலாம்! எல்லைக்காரனான எனக்கு இதில் ஓர் அற்பச் சந்தோஷம், மன்னியுங்கள்.

டெல்லியை மட்டும் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இங்குள்ள மாநில அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்து, இழிவான பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாளில் திரும்பப் பெற்றது. கோழிக்கோட்டு மீடியா ஒன் தொலைக்காட்சியின் உரிமத்தை மத்திய அரசு புதுப்பிக்க மறுத்தபோது, நீதி கிடைக்க 2023 ஏப்ரல் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசின் கொள்கையைக் குறை சொல்வதாலேயே ஓர் ஊடகம் நாட்டுக்கு எதிரானதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் அன்று விளக்கிச் சொல்ல நேர்ந்தது.

உங்கள் ஊர் ஏடுகளில் இது பற்றி நல்ல தலையங்கம் ஏதும் வந்திருந்தால் கத்தரித்து அனுப்புங்கள். என்னை மறுப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. பேத்தியின் கலந்தாய்வு இன்னும் தொடங்கவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. காலையில் பத்திரம் வந்ததும் இப்போதெல்லாம் அவள்தான் முதலில் எடுக்கிறாள். நீட் செய்தி எந்தப் பக்கத்தில் என்று தேடிப் படித்துவிட்டு, மற்றதை மடித்து என்னிடம் தந்துவிடுகிறாள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்