திருவருகைக் காலத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

தங்கச்சிமடம், பாம்பன் பகுதி இறைமக்களுக்கும் உறவுகளுக்கும் இயேசுவுக்கே புகழ்!

டிசம்பர் பிறந்தாலே வாசலில் ஸ்டார், பிள்ளைகளுக்குப் புதுத்துணி, கேரல் பவனி என்று வீடு பரபரப்பாகிவிடும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் திருச்சபை, கிறிஸ்து பிறப்புக்கு மனதைத் தயார் செய்யும் திருவருகைக் காலமான இந்த நான்கு வாரமும் குருவுக்கு ஊதா உடை உடுத்தி, ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' கீதத்தைக்கூடப் பாடாமல் காக்க வைக்கிறது. முதலில் மனசைச் சரி பண்ணுவோம், மற்றது பிறகு என்று எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில்) இந்த வருடம் முடிவு செய்தோம். அதைச் செய்து முடிக்கத் தோள் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் பங்குத்தந்தைக்கு. சனிக்கிழமை விசைப்படகில் போகிறவர்கள் ஞாயிறு காலைதான் கரை திரும்புகிறார்கள். திருப்பலிக்கு வர முடியாத அவர்களுக்காகவே, கடலுக்குப் போகாத நாளில் தியானமும், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் வைத்தார். மழை விடாத அந்த இரவில் கடைசி ஆள் எழுந்து போகும்வரை அவர் இடத்தை விட்டு அசையவில்லை. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்டதை எடுத்துத்தான் தியானம் கொடுத்தார். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்று கொடுக்கட்டும் என்பது யோவானின் பதில். மறுநாளே தார்ப்பாயும் போர்வையும் ஒழுகும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கொடுத்தவர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள். கடவுளுக்குத் தெரியும்.

வீடு வீடாக ஜெபமாலை சொல்ல இடம் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. அதில் ஒரு வீட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். படகுப் பங்குக் கணக்கில் மனம் கசந்து, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்கள். தம்பி வீட்டு ஜெபத்துக்கு அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்று ஜெபமாலை சொன்னார். ஜெபமாலையில் தியானிக்கும் மூன்றாம் தேவ இரகசியம், இயேசு பிறப்பு, தொடங்கும்போது தம்பி மனைவி எழுந்து பாயை நகர்த்திப் போட்டு, "உட்காருங்க அத்தான்" என்றார். அவரும் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு மறையுரை எனக்குத் தேவைப்படவில்லை. அந்த அக்காவுக்கு என் தனி வணக்கம்.

வாரம் ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகைக்கால வளையத்தைப் பனை ஓலையில் முடைந்து சவுக்குத் தழை செருகித் தந்த, கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும், மூன்றாம் ஞாயிறுக்கு ஏற்ற ரோஸ் நிற மெழுகுவர்த்தியை ராமநாதபுரம் வரை போய் வாங்கி வந்த பீடச்சிறுவர்களுக்கும், இரவு ஜெபம் முடிந்து வருகிறவர்களுக்காகக் கடையை அடைக்காமல் சுக்குக்காப்பி போட்டுத் தந்த டீக்கடை பாய்க்கும் நன்றி.

டிசம்பர் 22 இரவை இந்தத் தீவில் யாரும் மறக்க முடியாது. 1964-இல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதும் இதே திருவருகைக் காலத்தில்தான். அன்று இறந்தவர்களுக்காக ஜெபித்தபோது, கண்ணால் கண்டதைச் சொன்ன பெரியவருக்கு நன்றி தாத்தா. அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கும் நம் மீனவர்களின் வீடுகளிலும் அன்று போய் உட்கார்ந்தோம். காத்திருப்பு என்றால் என்னவென்று அந்தச் சகோதரிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எங்களை உள்ளே அழைத்து, தங்களோடு சேர்ந்து அழவும் விட்டதற்கு அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்த வீடுகளுக்குப் போவது கிறிஸ்துமஸோடு நிற்கக் கூடாது. ஜனவரியிலும் வரத் தயாராக இருப்பவர்கள் மறைக்கல்வி சொல்லித் தரும் நம் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் அன்பியப் பொறுப்பாளர்