கொடியைப் பொறுக்கியவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் 16 காலையில் எங்கள் வார்டில் எடுக்கப்பட்ட அந்த வீடியோவைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். குப்பை அள்ளும் பேட்டரி வண்டியின் கம்பியில் ஒரு சாக்குப்பை தொங்குகிறது. அதன் வாயில் தேசியக் கொடிகள் தெரிகின்றன. பைக்கை நிறுத்திய இளைஞர் ஒருவர், "தேசியக் கொடிய குப்பை வண்டியில போடுறியா? யாரு குடுத்த தைரியம்?" என்று அதட்டுகிறார். வண்டிக்கார அம்மா வாயைத் திறப்பதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. அன்று மாலைக்குள் அது வார்டின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றிவந்துவிட்டது. மறுநாள் ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். எழுதியது சூப்பர்வைசர்தான், அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "சூடு ஆறட்டும், அப்புறமா வா" என்று அனுப்பியும் வைத்துவிட்டார். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

வீடியோவில் வராத பகுதியைச் சொல்லத்தான் இந்த மடல். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மாவின் வண்டி தினமும் எங்கள் தெருவுக்கு வருகிறது. அந்தச் சாக்குப்பையில் இருந்தவை அவர் குப்பையில் போட்ட கொடிகள் அல்ல, குப்பையிலிருந்து எடுத்த கொடிகள்.

2022-இல் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னார்களே, அதற்கு முன்பு ஆகஸ்ட் 16 அன்று அவர் கைக்கு வந்தவை பெரும்பாலும் சட்டையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடிகள்தாம். அந்த ஆண்டு தபால் நிலையத்திலேயே 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். நானும் வாங்கினேன், மகிழ்ச்சியாகத்தான் வாங்கினேன். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் கவுன்சிலர் தருகிறார், கட்சிக்காரர் தருகிறார், நகைக்கடைக்காரர் தருகிறார். பாலியஸ்டர் துணி, மூங்கில் குச்சி. 15-ஆம் தேதி மாடியில் பறக்கிறது. 16-ஆம் தேதியிலிருந்து அது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. பழைய சாம்பாரோடு வருகிறது. குழந்தைகளின் டயப்பரோடு வருகிறது. "தலைக்கு மேல கட்டுன கொடி சார், மீன் செதிலோட கெடக்கு" என்று அவர் ஒருமுறை சொன்னார்.

அப்படிக் கிடைப்பதை அவர் தனியே எடுத்து வைக்கிறார். யாரும் சொல்லித்தரவில்லை. உரக் கொட்டகைக் குழாயில் அலசி, கொட்டகையின் பின்பக்கம் நிழலில் காயப்போட்டு, மடித்துச் சாக்கில் வைப்பார். இதெல்லாம் வேலை நேரத்துக்குள் நடக்க முடியாது. குப்பையைத் தரம் பிரித்து எடை போட்டுக் கொடுத்தபிறகு, மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் நடக்கிறது. கையுறை என்று ஒன்று அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, உண்மைதான். அதில் விரல்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், இத எதுல போடணும்? பச்சையிலயா, நீலத்துலயா?" பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு என்று வீடு வீடாகப் பாடம் நடத்தியது தங்கள் மாநகராட்சி. தேசியக் கொடி மக்குமா, மக்காதா? முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கொடி ஏற்றவும் மடிக்கவும் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தால் அதை ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்து, தூய்மைப் பணியாளர்கள் கையில் கொடுங்கள். என் கோரிக்கை முழுவதும் அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது: கிழிந்த, அழுக்கடைந்த கொடியை எறியக் கூடாது, மறைவான இடத்தில் முழுமையாக, எரித்தோ அதன் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு முறையிலோ அழிக்க வேண்டும். விழா முடிந்ததும் காகிதக் கொடிகளைத் தரையில் போடக் கூடாது என்றும் இருக்கிறது. தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு பக்கம் நிற்கிறது. பொது இடத்தில் கொடியை எரித்தாலோ கிழித்தாலோ அவமதித்தாலோ மூன்றாண்டு வரை சிறை. ஆக, எரிக்கவும் வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது. ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிற ஒரு தூய்மைப் பணியாளருக்கு மறைவான இடம் எது, ஐயா?

இந்த விதி கதர்க்கொடிக் காலத்தில் எழுதப்பட்டது. பருத்தித் துணியில் தீ வைத்தால் எரிந்து சாம்பலாகும். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, பாலியஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் அனுமதி கொடுத்தார்கள். 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம் வந்தது. பொதுமக்கள் தங்கள் வீட்டில் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிடலாம் என்றார்கள். கொடி பெருகுவதற்கு வழி செய்தவர்கள், கொடியை அழிக்கும் விதியைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். பாலியஸ்டர் சாம்பலாவதில்லை. உருகிச் சொட்டும், கரும்புகை வரும், கடைசியில் கறுப்புக் கட்டியாக நிற்கும். அதைக் கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற முறை என்று நானாக இருந்தால் சொல்லமாட்டேன். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே சொல்லிவிட்டது. எரித்தாலும் குற்றம், எறிந்தாலும் குற்றம், எடுத்து வைத்தாலும் மன்னிப்புக் கடிதம். அந்த அம்மா என்னதான் செய்ய வேண்டும்?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் தள்ளுவண்டியில் பிரதமர், மாநில முதல்வர் ஆகியோரின் படங்கள் கிடந்தன. யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்ப, அவர் வேலை போனது. குப்பையில் கிடந்ததைத்தானே அள்ளினேன் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் எடுபடவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வார்டு அம்மாவுக்காக நாடு பேசப்போவதில்லை. தாங்கள் பேசினால் போதும்.

கொடிக்கு மரியாதை தராதவர்களைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், தேடுவதற்குக் குப்பை வண்டி வரை போகவேண்டியதில்லை. கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்கிறது அதே விதி. நகைக்கடை கொடுத்த கொடியில் பச்சைப் பட்டை முழுவதும் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். காரின் முன்புறம் கொடி கட்டிக்கொள்ளும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், நீதிபதி போன்ற சிலருக்கு மட்டுமே உண்டு. ஆகஸ்ட் 15 காலையில் மைதான வாசலில் நின்று பார்த்தால் நம் ஊரில் எத்தனை ஆளுநர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். பிளாஸ்டிக் கொடியைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை செய்திருக்கிறது. சிக்னலில் போக்குவரத்துக் காவலரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே அது விற்கிறது. கொடியோடு செல்ஃபி எடுத்து இணையத்தில் ஏற்றினால் சான்றிதழ் தருகிறார்கள். ஏற்றிய கொடியை ஒழுங்காக இறக்கி வைத்தவருக்கு இதுவரை யாரும் சான்றிதழ் தந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வார்டு விழாவில் பேசியவர் திருப்பூர் குமரனைப் பற்றி உருக்கமாகத்தான் பேசினார். 1932 ஜனவரியில் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கையில் இருந்த கொடியை அவர் விடவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினோம். மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்தோம். நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த காகிதக் கொடிகளை யார் எடுத்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்கு அன்று விடுமுறையும் இல்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, தேர்தலுக்கு, தலைவர்கள் வருகைக்கு என்று ஊர் கொண்டாடிக் கலையும் ஒவ்வொரு முறையும் மிச்சத்தை அள்ளுகிறவர்கள் அவர்கள்; பேரிடர்க் காலத்தில் முன்களப் பணியாளர் என்று பொன்னாடை போர்த்திவிட்டு, அடுத்த மாதமே வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தம் விட்டு, யாருக்கு யார் முதலாளி என்றே தெரியாமல் செய்துவிட்டு...

மன்னிக்கவும். இதெல்லாம் தங்கள் மேசையில் மட்டும் தீர்கிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கள் மேசையில் தீரக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

ஒரு சுற்றறிக்கை வேண்டும். குப்பையிலிருந்து தேசியக் கொடியைப் பிரித்தெடுத்து வைக்கும் தூய்மைப் பணியாளர் யார்மீதும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று அதில் இருக்கவேண்டும். பிரித்த கொடிகளை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பதவியின் பெயரோடு இருக்கவேண்டும். சுகாதார ஆய்வாளரோ மண்டல அலுவலரோ, யாரானாலும் சரி; வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட ஒருவர் இருந்தால் போதும். அந்தத் தாளை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை யாராவது பைக்கை நிறுத்திப் படம் பிடித்தால் எடுத்துக் காட்டுவார்.

கூடவே, சுதந்திர தினமும் குடியரசு தினமும் முடிந்த இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் கொடிகளைத் திரும்ப வாங்க ஒரு பெட்டி வைக்கலாம். பெரிய செலவில்லை. கொடியை வீடு வீடாகக் கொடுப்பதற்கு ஆளும் வண்டியும் கிடைத்ததே, வாங்குவதற்குப் பெட்டி கிடைக்காதா? பாலியஸ்டருக்கு இருக்கிற ஒரே நல்ல குணம் சீக்கிரம் இற்றுப்போகாது என்பதுதான். நன்றாக இருப்பதைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். மடிப்பதற்கு முறை இருக்கிறது: காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகவேண்டும், பிறகு இரு பக்கமும் உள்ளே மடித்தால் சக்கரமும் இரு நிறங்களின் ஓரமும் மட்டும் மேலே தெரியும். உள்ளங்கைகளிலோ கைகளிலோ ஏந்தித்தான் எடுத்துச் செல்லவேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், போக்குவரத்துப் படிகூட வேண்டாம். கிழிந்துபோனதை எப்படி அழிப்பது என்பதை மாவட்ட ஆட்சியரோடு கலந்து தாங்கள் முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எடுக்கும் சுமையைத் தெருக்கூட்டுகிற ஒருவர் தலையில் வைக்காதீர்கள். அதைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறேன்: கொடியை என்ன செய்வது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அந்த வீடியோ எடுத்த தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. கொடியைக் குப்பை வண்டியில் பார்த்ததும் பதறியது நல்ல மனசுதான். வண்டியை நிறுத்திய கையோடு, "இது எப்படிம்மா இங்க வந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மா வீட்டு எண்களையே சொல்லியிருப்பார். எந்த வீட்டிலிருந்து எது வருகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் தெருவில் இல்லை.

குடியரசு தினத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. சுற்றறிக்கை அனுப்ப அது தாராளமான அவகாசம். அதற்கும் முன்பாக, இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த அம்மாவிடம் வாங்கிய மன்னிப்புக் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், அவர் வேலைக்கு வராத நாள்களின் சம்பளத்தைப் பிடிக்காமல் தரவும் ஒப்பந்த நிறுவனத்துக்குத் தாங்கள் அன்புகூர்ந்து உத்தரவிட வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்

பி.கு.: அந்தச் சாக்குப்பையைக் கொட்டகையில் வைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதால் இப்போது என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். எல்லாம் துவைத்து மடித்தவை. தங்கள் அலுவலகத்தில் எந்தப் பிரிவில் ஒப்படைப்பது என்று தெரிவித்தால், அலுவலக நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறேன்.